மேல்மாடி ஒபிசும் ஓடிய ஊரும்

என் வீட்டு மேல்மாடியை வாடகைக்குக் கேட்டு அவர்கள் வந்தபோது, நான் முதலில் கேட்டது, "என்ன யாவாரம்?" என்றுதான்.

காரைதீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு தம்பி பதில் சொன்னார். "யாவாரம் இல்ல உம்மா. நாங்க ஒண்டும் விக்கிறல்ல."

"விக்காட்டி வாடகை எப்பிடித் தருவீங்க?"

தம்பி சிரித்தார். பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். பல நாடுகளில் ஆட்கள் இருக்கிற நிறுவனமாம். வெளிநாட்டில் காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களாம். கடல் கெடப்போகிறது என்றால் மீனவர்களின் போனுக்குத் தானாகவே ஒரு கோல் போய், குரலில் சொல்லுமாம். அதற்கான வேலையைத்தான் இங்கே செய்யப்போகிறார்களாம். "கடலுக்குப் போறவருக்கு வாசிக்கத் தெரியாட்டியும் கேக்கத் தெரியும்தானே உம்மா" என்றார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஓதத் தெரியும், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அந்தச் சொல் எனக்குப் பிடித்தது. அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் அந்த ஒபிசின் சமையல்காரி இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். என் உம்மா எனக்குக் கட்டித்தந்த வீடு இது. மேல்மாடியைப் பிறகு நான் எழுப்பினேன். அந்தப் பிள்ளைகள் கடைச் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தபடி தின்றதைச் சகிக்க முடியாமல்தான், பகல் சாப்பாட்டை நான் தருகிறேன் என்றேன். அதற்கும் அவர்கள் மாதாமாதம் தந்தார்கள். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரி வீட்டுக்காரிதான்.

என் புரிசன் கல்முனையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் பியோனாக இருந்து மௌத்தானவர். கந்தோர் என்றால் என்ன என்று அவர் சொல்லி எனக்குத் தெரியும். யார் இருப்பது, யார் நிற்பது, யார் மணி அடித்தால் யார் ஓடுவது என்பதெல்லாம் அங்கே சட்டம். ஆனபடியால் மேல்மாடியில் நடந்தது எனக்கு விளங்கவில்லை. ஒருவரும் ஒருவரையும் 'சேர்' என்று கூப்பிடவில்லை. ஒபிசின் டிரைவர் அந்தக் காரைதீவுத் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். இங்கத்தைய வேலைக்கெல்லாம் பொறுப்பான அதே தம்பி, சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்தார். வரவுக்குக் கையெழுத்து வைக்கிற புத்தகம் இல்லை. காய்ச்சல் என்றால், "இண்டைக்கு வரல்ல" என்று அவர்களே சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார்கள்.

"மனே, இது ஒபிசா, மாமி வீடா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான் உம்மா" என்றார் தம்பி.

இவர்களுக்கெல்லாம் மேலே ஒருவர் இருப்பார், அவர் வெள்ளைக்காரராக இருப்பார் என்று எண்ணியிருந்தேன். ஒரு நாள் தேத்தண்ணி கொண்டு மேலே போனபோது பெரிய திரையில் ஒரு பெண் இருந்தாள். கறுத்த, களையான முகம். தலையைச் சுற்றி முக்காடு. மடியில் ஒரு குழந்தை அவளுடைய காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஆபிரிக்காவில் ஒரு நாடாம். அவள்தான் தலைவியாம். என்னைக் கண்டதும், "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள். தட்டை வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பதில் சலாம் சொன்னேன். அதோடு இவர்களைப் பற்றி ஊகிப்பதை விட்டுவிட்டேன்.

எல்லாம் பிடித்தது என்று பொய் சொல்லமாட்டேன். நிறம் நிறமாகச் சின்னக் கடதாசிகளை எழுதிச் சுவரெல்லாம் ஒட்டுவார்கள். கழற்றும்போது என் சுவரின் பெயின்ட்டும் கூட வரும். ஒரு சின்ன விஷயத்தைக் கதைக்கத் தொடங்கினால் அஸர் தொழுகை வரைக்கும் கதைப்பார்கள்.

திங்கட்கிழமை காலையில் எல்லாரும் வட்டமாக இருப்பார்கள். கையில் ஏதாவது ஒரு பொருளை வைத்திருக்கிறவர்தான் கதைக்கலாம். மற்றவர்கள் கேட்க வேண்டும். அதற்கு என் குசினியில் இருந்த அகப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அகப்பையைத் தேடி மேலே போனவளையும் பிடித்து இருத்திவிட்டார்கள். போன கிழமை என்ன செய்தோம், எங்கே தடக்குப்பட்டோம், என்ன பிழை விட்டோம் என்று ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டும். தன் பிழையைத் தன் வாயாலே, அதுவும் நாலு பேருக்கு முன்னால்!

அகப்பை என்னிடம் வந்தது. "எனக்குப் பிழை ஒண்டும் வரல்ல" என்று அடுத்தவரிடம் நீட்டினேன்.

டிரைவர் முறையில்லாமல் வாயைத் திறந்தான். "உம்மா, அப்ப வெள்ளிக்கிழமைப் புளியாணத்துல உப்பு?"

"அது உன்ர நாக்குப் பிழை மனே."

திரையில் இருந்த பெண்ணுக்குத் தம்பி அதை இங்கிலீசில் சொல்ல, அவள் குழந்தையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த வட்டத்தில் குறைவாகக் கதைத்தவள் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி. கடற்கரைப் பக்கத் தெருவில் வீடு. வாப்பா இஞ்சின் போட்டில் போகிறவர். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, அந்த வீட்டிலிருந்து வேலைக்கு என்று வெளியே வந்த முதல் பெண் அவள். அவளுக்குச் சும்மா கிடைத்ததில்லை அது. "உன்னப் பத்தி ஒரு கதை வந்திச்செண்டா அண்டையோட வேலைய விட்டுட்டு வீட்டோட நில்லு" என்று சொல்லித்தான் வாப்பா அனுப்பினார். ஒபிசிலும் அப்போது அவளுக்கு முதல் மாதங்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இதையெல்லாம் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். சொல்லி முடித்து, "இந்த வேல போனா எனக்கு வேற வாசல் இல்ல உம்மா" என்றாள்.

அவளுக்குக் கொடுத்த வேலை, கடலுக்குப் போகிற ஆண்களின் போன் நம்பர்களை எடுத்து வருவது. குடையைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனாள். எல்லாரையும்விட வேகமாக முடித்தாள். வட்டத்தில் அவளுக்குக் கைதட்டினார்கள். கோலில் வருகிற குரலும் அவளுடையதுதான். மேல்மாடியில் ஜன்னலையெல்லாம் சாத்தி, காற்றாடியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தார்கள். நான் கீழே மிளகாய் இடிப்பதை நிறுத்திவிட்டு இருந்தேன்.

பிறகு ஒத்திகை நாள் வந்தது. கடலில் நிற்கிற போட்டுக்குக் கோல் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். மீனவர் சங்கத்தில் ஆண்களைக் கூப்பிட்டு, இன்ன காலையில் கோல் வரும், பயப்பட வேண்டாம், கேட்டுவிட்டு ஒன்றாம் இலக்கத்தை அமத்துங்கள் என்று தம்பியும் டிரைவரும் சொல்லியிருந்தார்கள்.

நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மேலே கைதட்டுகிற சத்தம் கேட்டது. "எடுக்கிறாங்க, எடுக்கிறாங்க!" என்று யாரோ கத்தினார்கள். கோல் போனதும் எல்லாரும் உடனே எடுத்தார்களாம்.

அதே நேரம் எங்கள் தெருவில் ஓட்டம் தொடங்கியது.

பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையோடு வேலிக்கு மேலால் கத்தினாள். "ராத்தா, கடல் வருகுது! போன்ல செல்லிட்டாங்க! ஓடுங்க!"

எங்கள் கரையில் இதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சுனாமியில் என் கூடப்பிறந்தவளைக் கொடுத்தவள் நான். அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று இன்றைக்கும் நினைவில்லை. மாடிப்படியில் நின்று மேலே பார்த்து, "ஒருத்தரும் கீழ இறங்காதீங்க! கடல் வருகுதாம்!" என்று கத்தினேன்.

தம்பி படியில் பாய்ந்து இறங்கி வந்தார். "உம்மா, அது கடல் இல்ல உம்மா. அது நாங்க!"

என்ன நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. கடலில் நின்ற ஒரு ஆணுக்கும் கோல் போகவில்லை. எல்லாம் பெண்களுக்குப் போயிருக்கிறது. அவர்கள் வீட்டில் இருந்த போனை எடுத்தால், வாசலுக்கு வந்து மோர் குடித்துவிட்டுப் போன அந்தப் பிள்ளையின் குரல், கடல் கொந்தளிக்கிறது என்கிறது. இது ஒத்திகை என்று கடைசியில் சொல்கிறதுதான். கடைசி வரைக்கும் யார் நின்று கேட்பது? பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பெரிய ரோட்டைத் தாண்டி வயல் பக்கம் ஓடினார்கள். பள்ளிக்கூடத்துக் கேற்றை உலுப்பி, தங்கள் பிள்ளைகளைக் கேட்டார்கள். ஒருத்தி வாய்க்கால் கரையில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். டிரைவரும் தம்பியும் பள்ளிவாசலுக்கு ஓடிப்போய் ஒலிபெருக்கியில் சொல்ல வைத்த பிறகுதான் ஊர் நின்றது. பகலுக்குக் கடலிலிருந்து திரும்பி வந்த ஆண்கள் வீடுகள் திறந்து கிடப்பதையும் சோறு கரிந்து மணப்பதையும் கண்டார்கள்.

அந்தப் பிள்ளை என் குசினியில் அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். கேற்றடியில் ஆண்களின் சத்தம். "ஆர்ர குரல் எண்டு எங்களுக்குத் தெரியாதா?" என்று ஒருவன் கேட்டது அவளுக்கும் கேட்டது. சற்று நேரத்தில் அவளுடைய வாப்பா வந்தார். கத்தவில்லை. "எழும்பு" என்றார். அவள் எழும்பிப் போனாள்.

நான் மேலே போனேன். கந்தோர்களில் இப்படி ஒன்று நடந்தால் கடைசிக் கதிரையில் இருப்பவரின் தலைதான் உருளும் என்று எனக்குத் தெரியும். என் புரிசன் அதில் அடிபட்டவர்.

"மனே, மெசின் பிழை எண்டு எழுதுங்க. மெசினுக்கு வாப்பாவும் இல்ல, உம்மாவும் இல்ல, அழாது."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆர்ர பிழை எண்டு நாங்க கேக்கிறல்ல உம்மா. என்ன நடந்தது எண்டுதான் கேக்கிற."

"கேக்க நல்லாத்தான் இரிக்கி" என்றுவிட்டு இறங்கிவிட்டேன். நம்பவில்லை.

அடுத்த நாளே வட்டம் கூடியது. வாப்பாவைக் கெஞ்சி, அந்த ஒரு நாளைக்கு மட்டும் என்று வந்திருந்தாள் பிள்ளை. திரையில் தலைவி தனியாக இருந்தாள், குழந்தை இல்லை. அகப்பை சுற்றி வந்தது. சங்கத்தில் ஆண்களிடம் மட்டும் சொன்னேன், அவர்களின் போன் யார் கையில் இருக்கிறது என்று கேட்கவில்லை என்றார் தம்பி. பதிவில் ஒத்திகை என்ற சொல்லை முதலில் வைக்காமல் கடைசியில் வைத்தவன் நான் என்றான் இன்னொருவன். காசு கொடுக்கிறவர்களுக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று நான்தான் உங்களை அவசரப்படுத்தினேன் என்றாள் தலைவி.

அகப்பை பிள்ளையிடம் வந்தது. அவள் அதை மடியில் வைத்து, அதன் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். யாரும் அதை அவளிடமிருந்து வாங்கவில்லை. எனக்குத்தான் அந்த நேரம் பொறுக்க முடியவில்லை.

"நான் கரைக்குப் போகல்ல" என்றாள் கடைசியில். "கரையில நிண்டு ஆம்பிளையள்ட்ட நம்பர் கேட்டா ஊர் என்ன கதைக்கும்? அதால வீடுகளுக்குப் போனன். பொம்பிளையள்தான் நம்பர் தந்தாங்க. வீட்டுப் போன் நம்பரைத் தந்திரிக்காங்க. நான் விசாரிக்கல்ல. கரைக்குப் போக ஏலா எண்டு இஞ்ச செல்லவும் பயந்தன். செல்லியிருந்தா, அப்ப ஒரு ஆம்பிளைய எடுப்பம் எண்டிருப்பீங்க."

தம்பி அதை இங்கிலீசில் சொல்லி முடித்ததும் தலைவி முக்காட்டை இழுத்துவிட்டாள். அவள் சொன்னதைத் தம்பி தமிழில் சொன்னார்: "உங்கள ஒரு இடத்துக்கு அனுப்பினம். அங்க உங்களால எப்பிடிப் போக ஏலும் எண்டு கேக்கல்ல. அது எங்கட பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்க."

அன்றைக்கே எல்லாரும் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்கள். கை முறிந்தவளிடம் முதலில் போனார்கள். அவளுடைய வைத்தியச் செலவையும் பொறுப்பெடுத்தார்கள். சிலர் தேத்தண்ணி கொடுத்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒருத்தி, "என்ர நம்பரை வெட்டிரு மனே, என்ர நெஞ்சு தாங்காது" என்றாள். அடுத்த வாசலில் இருந்தவள், "என்ர நம்பரை வெட்டினா உன்ர காலை வெட்டுவன். அவர் கடல்ல நிக்கக்குள்ள எனக்குத் தெரியத் தேவல்லியா?" என்றாள்.

பிள்ளையோ அதற்குப் பிறகு வரவில்லை. வாப்பா மறித்துவிட்டார். நீங்கள் போய்க் கதையுங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். "வாறதும் வராததும் அவங்கட முடிவு உம்மா. நாங்க நெருக்கப்படா" என்றார்.

"முடிவு அவட முடிவெண்டா, வாப்பாக்கிட்ட ஆரு கதைக்கிற?" என்று கேட்டேன். அவர்களின் முறையில் அதற்குப் பதில் இல்லை. ஆகவே நான் போனேன்.

அவளுடைய வாப்பா முற்றத்தில் இஞ்சினைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட இளையவர். எழும்பிக் கதிரை போட்டார்.

"ராத்தா, அவளத் திட்டியிருந்தா எனக்கு விளங்கும்" என்றார். "ஒருத்தரும் திட்டல்லயாம். மன்னிப்பும் கேட்டாங்களாம். அதுதான் எனக்குப் பயம். திட்டாதவன் மனசுக்குள்ள வெச்சிருப்பான். நாளைக்கு வேறென்னவும் நடந்தா எல்லாத்தையும் சேத்து இவட தலையில போடுவாங்க."

எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. "அப்ப நீங்களே வந்து பாருங்க. திங்கக்கிழம வாங்க. என்ர வீடு, நான் கூப்பிடுறன்."

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மகளும் பின்னால் வந்தாள். வட்டத்தில் இன்னொரு கதிரை போட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அகப்பை அவரிடம் வந்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன?"

"அத வெச்சிருக்கிறவர்தான் கதைக்கலாம் வாப்பா" என்றாள் மகள்.

"வேற ஆரும் குறுக்கால கதைக்க ஏலாதா?"

"ஏலா."

"இத என்ர ஊட்டுக்குக் கொண்டு போகப்படா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்து, "பிழை விட்ட புள்ளைக்கி என்ன தண்டன?" என்று கேட்டார்.

தலைவி சொல்லச் சொல்ல, தம்பி தமிழில் சொன்னார். தண்டனை இல்லை. காசு கொடுத்தவர்களுக்கு நடந்ததை எழுதிவிட்டார்கள். அதில் முதலில் இருப்பது தலைவியின் அவசரம். பிள்ளையின் வேலை நிரந்தரமாகிவிட்டது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

"நீங்க அவசரப்பட்டதெண்டு நீங்களே எழுதிக் குடுத்தீங்களோ?"

"ஓமாம்" என்றார் தம்பி.

"காசு குடுத்தவங்க திட்டல்லியா?"

தம்பி அதை இங்கிலீசில் கேட்டார். தலைவி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு என்னவோ நீளமாகச் சொன்னாள்.

"நல்லாத் திட்டினாங்களாம்" என்றார் தம்பி.

அப்போதுதான் அந்த மனிசன் கதிரையில் சாய்ந்தார். "அப்ப சரி" என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப சரி." ஒருவர் திட்டு வாங்கிவிட்டார், கணக்குத் தீர்ந்தது என்ற நிம்மதி அந்த முகத்தில். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மற்றப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அகப்பை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "கரைக்கு அவள் தனியாப் போகமாட்டாள்" என்றார். "என்ர போட் கரைக்கு வாற நேரம் வரட்டும். நான் பக்கத்துல நிப்பன். கேக்கிறத அவளே கேக்கட்டும்."

மகள் கையை நீட்டினாள். அவர் அகப்பையைக் கொடுத்தார்.

"பக்கத்துல நில்லுங்க வாப்பா. ஆனா நீங்க கதைக்கப்படா."

அந்தக் கிழமையே கரைக்குப் போனாள். மீன் வாங்குகிற சாட்டில் நானும் போனேன். போட்டுகள் வந்து ஏறியிருந்தன. வலையைத் தட்டிக்கொண்டிருந்த ஆண்கள் அவளைக் கண்டதும் தொடங்கிவிட்டார்கள்.

"புள்ள, இண்டைக்கும் ஓடணுமா? செருப்பைக் கழட்டி வெக்கட்டா?"

"ஓடுறதெண்டா முதல்ல செல்லுவன் காக்கா. இப்ப நம்பரச் செல்லுங்க" என்றாள், அண்ணன்மாரோடு கதைக்கிற முறையில்.

"என்ர நம்பர் எனக்கென்னத்துக்கு? நான் எனக்குக் கோல் எடுக்கிறல்லயே."

மற்றவர்களைக் கேட்டால் அவர்களுக்கும் தங்கள் நம்பர் தெரியாது. பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்த போன்களை அவிழ்த்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "எனக்கு ஒரு மிஸ்ட் கோல் தாங்க" என்று சொல்லப்போனவள் பாதியில் நிறுத்திவிட்டாள். தன் நம்பரைக் கரை முழுக்கக் கொடுப்பதா? அவள் வாப்பாவைப் பார்த்தாள்.

கதைக்கக் கூடாது என்ற சொல்லை அவர் காப்பாற்றினார். சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து அவளிடம் நீட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவருடைய நம்பர் அந்தக் கரையில் எல்லாரிடமும் இருந்தது. ஒருவன் கோல் அடித்தான், மற்றவன் அடித்தான், அவர்களின் நம்பர்கள் அந்தத் திரையில் வந்தன. அவளுடைய இரண்டு கையும் எழுதுகிற வேலையில் இருந்ததால், போனை அவரே திரும்ப வாங்கி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். வெயிலில் திரை தெரியவில்லை என்று அவள் சொன்னாள். அவர் மற்றக் கையை அதற்கு மேலே நிழலாகப் பிடித்தார்.